பிள்ளைகளோடு போன வேன்

இரண்டாயிரத்து மூன்றாம் ஆண்டு, ஆகஸ்ட் மாதப் பள்ளி விடுமுறை. அந்த வருடம் மே மாதத்தில் இரத்தினபுரி வெள்ளத்தில் மூழ்கியதும், சுற்றியிருந்த மலைகளில் மண் சரிந்து தோட்டத்து லய வீடுகள் புதைந்ததும் உங்களில் பலருக்கு ஞாபகம் இருக்கும். நான் சொல்லப்போவது அதற்கு மூன்று மாதம் கழித்து, இரத்தினபுரிக்குக் கொஞ்சம் தள்ளி எங்களுக்கு நடந்தது.

எங்களுக்கு யட்டியாந்தோட்டை பஜாரில் ஒரு ஹார்ட்வெயார் கடை. அந்த மழையில் எங்கள் கடைக்குத் தண்ணீர் படியோடு நின்றுவிட்டது. வெள்ளம் என்றால் எங்களுக்கு அவ்வளவுதான்.

சாமான் டெலிவரிக்கு வைத்திருந்த ஒரு பழைய வேனை என் வீட்டுக்காரர் மாசக்கணக்காக மினுக்கிக்கொண்டிருந்தார். பின்சீட்டுகளைக் கழற்றிவிட்டு, பலகை அடித்து, மேலே மெத்தை போட்டார். ஜன்னலுக்குத் திரைச்சீலை என்னுடைய பழைய சேலை. ஒரு மூலையில் சின்ன கேஸ் அடுப்பு, இன்னொரு மூலையில் பைப் வைத்த தண்ணீர்ப் பீப்பாய். பிள்ளைகள் அதற்கு 'வீட்டு வண்டி' என்று பேர் வைத்தார்கள். மகளுக்கு எட்டு வயது, மகனுக்கு நான்கு. நாட்டில் சண்டை ஓய்ந்திருந்த காலம் அது. செக்பொயிண்டுகள் குறைந்து, ஒரு தமிழ்க் குடும்பம் அடையாள அட்டையைக் கையிலேயே பிடித்துக்கொண்டு திரியாமல் நாலு ஊர் பார்க்கலாம் என்று இருந்தது. கதிர்காமம் போய்க் கும்பிட்டுவிட்டு, பண்டாரவளை பக்கமாகச் சுற்றி, இஷ்டப்பட்ட இடத்தில் நிறுத்தி, சமைத்துச் சாப்பிட்டு, வேனிலேயே தூங்கி எழும்பி வீடு திரும்புவது என்று ஏற்பாடு.

முதலில் நின்ற ஊர் இரத்தினபுரி. பிள்ளைகளுக்கு றம்புட்டான் வாங்கலாம் என்றுதான் இறங்கினோம்.

டவுன் பாதி எழும்பி பாதி எழும்பாமல் இருந்தது. கடைகளைத் திறந்திருந்தார்கள். உள்ளே சுவருக்குப் பெயின்ட் அடிக்காமல் ஈரம் காயட்டும் என்று விட்டிருந்தார்கள். ஒரு செருப்புக் கடை வாசலில் வெள்ளத்தில் ஊறிய செருப்புகளைக் கழுவிக் குவித்து, பாதி விலைக்கு விற்றார்கள். எந்தக் கட்டடத்தைப் பார்த்தாலும் சுவரில் ஒரே மட்டத்துக்கு ஒரு சேற்றுக் கோடு. "ஏம்மா எல்லா வீட்டுலயும் ஒரே மாதிரி கோடு போட்டிருக்காங்க?" என்று மகன் கேட்டான். றம்புட்டான் விற்றவர் சிங்களவர். கேள்வி அவருக்கு எப்படியோ புரிந்துவிட்டது. எழுந்து சுவரோரம் நின்று கையை உயர்த்திக் காட்டினார். அவருடைய கை விரல் கோட்டுக்கு எட்டவில்லை. பிள்ளைகள் சிரித்தார்கள். அவரும் சிரித்தார். எங்களுக்கு என்னவோ மாதிரி ஆகி, பழத்தை வாங்கிக்கொண்டு சீக்கிரம் கிளம்பிவிட்டோம்.

டவுனைத் தாண்டி பெல்மதுளைப் பக்கம் போகிற வழியில், ரோட்டோரம் நல்ல அகலமான ஒரு இடம் வந்தது. வேனை நிறுத்த வசதி. கொஞ்சம் தள்ளி, வளைவுக்கு இந்தப் பக்கமே, பாறையிலிருந்து பீலித் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. எதிர்ப்பக்கம் ஒரு தேத்தண்ணிக் கடை. இதைவிட என்ன வேண்டும் என்று நிறுத்தினோம். இடத்துக்கு மேலே செங்குத்தாக மலை. உச்சியில் தேயிலை. நடுவில் மட்டும் தோலை உரித்த மாதிரி சிவப்பாக மண் தெரிந்தது. ரோட்டை அகலப்படுத்த வெட்டியிருக்கிறார்கள் என்று நான் நினைத்துக்கொண்டேன். அதற்கு மேல் அதைப் பற்றி யோசிக்கவில்லை.

சோறும் பருப்பும் கருவாட்டுப் பொரியலும். சாப்பிட்டு முடித்ததும் பிள்ளைகளுக்குக் கண் சொக்கியது. மெத்தையில் படுக்கப் போட்டு, திரையை இழுத்துவிட்டேன். பாட்டு நின்றால் மகன் விழித்துக்கொள்வான் என்று, என் வீட்டுக்காரர் கேசட்டை மெதுவாக ஓடவிட்டு, சாவியை அப்படியே விட்டுவிட்டு, ஃபிளாஸ்க்கை எடுத்துக்கொண்டு கடைக்குப் போனார். நான் சட்டி பானையைத் தூக்கிக்கொண்டு பீலிக்குப் போனேன். கடையில் இருந்தாலும் பீலியில் இருந்தாலும் வேன் கண்ணுக்குத் தெரியும் தூரம்தான்.

கழுவிக்கொண்டிருக்கும்போது ஒரு ஆள் பக்கத்தில் வந்து நின்றார். சாரம் கட்டி, சட்டைப் பொத்தானைக் கழுத்துவரை போட்டிருந்தார். நாற்பது வயது இருக்கும்.  "வண்டிய எப்பம்மா எடுப்பீங்க?" என்று கேட்டார். தமிழைக் கேட்டதும் தேயிலைத் தோட்டத்து ஆள் என்று தெரிந்தது. எங்கேயோ போக லிஃப்ட் கேட்கப் போகிறார் என்று நினைத்து, "கொஞ்ச நேரம் ஆகும்" என்றேன்.

"மழ வருதும்மா."

"வரட்டுமே. வண்டிக்குள்ளதானே இருக்கப்போறோம்."

அவர் மேலே மலையைப் பார்த்தார். பிறகு வேனைப் பார்த்தார். ஜன்னல் திரையையே பார்த்துக்கொண்டு, "உள்ள யாரு இருக்கா?" என்று கேட்டார்.

எனக்கு அந்தக் கேள்வி பிடிக்கவில்லை. "புள்ளைங்க தூங்குது. அவங்க அப்பாவும் உள்ளதான் இருக்காரு" என்று பொய் சொன்னேன். அவர் கடைப் பக்கமாகப் போய்விட்டார். நான் குனிந்து சட்டியைத் தேய்க்கத் தொடங்கினேன்.

மழை வந்தது. முதலில் பெரிய பெரிய துளியாக நாலைந்து, அப்புறம் ஒரேயடியாகக் கொட்டியது. இரத்தினபுரி மழையைத் தெரிந்தவர்களுக்கு நான் விளக்க வேண்டியதில்லை. சட்டிகளை அள்ளிக்கொண்டு நிமிரும்போது வேன் ஸ்டார்ட் ஆகிற சத்தம் கேட்டது. பரவாயில்லையே, என்னை ஏற்றிக்கொள்ள வேனைப் பக்கத்தில் கொண்டு வருகிறார் என்று நினைத்தேன். அப்படி நினைத்துக்கொண்டே கடைப் பக்கம் பார்த்தால், என் வீட்டுக்காரர் ஃபிளாஸ்க்கோடு கடைத் தாழ்வாரத்தில் நிற்கிறார்.

வேன் என்னைத் தாண்டிப் போனது. ஸ்டியரிங்கில் அந்த ஆள்.

அந்த நிமிடத்தை எப்படிச் சொல்வது என்று எனக்கு இன்றும் தெரியவில்லை. பயம் அப்புறம்தான் வந்தது. முதலில் காது அடைத்துப்போனது. அந்தப் பெரிய மழை பெய்கிறது, எனக்குச் சத்தமே இல்லை. ஜன்னலில் என் பச்சைச் சேலைத் திரை ஆடிக்கொண்டே வளைவில் மறைந்தது. கையிலிருந்த சட்டி எப்போது விழுந்தது என்று தெரியாது. நான் ஓடிக்கொண்டிருந்தேன். ஒரு கால் செருப்பு கழன்றுவிட்டது. "புள்ளைங்க, புள்ளைங்க" என்று தமிழில் கத்திக்கொண்டே ஓடினேன். கடையில் நின்றவர்களுக்கு ஏதோ வேன் திருட்டு என்று மட்டும்தான் விளங்கியிருக்கிறது. என் வீட்டுக்காரர் சிங்களத்தில், "உள்ளே எங்கள் பிள்ளைகள் இருக்கிறார்கள்" என்று அலறிய பிறகுதான் எல்லோரும் ரோட்டுக்குப் பாய்ந்தார்கள். கடை முதலாளி அந்தப் பக்கம் வந்த ஒரு திரீவீலரை மறித்து எங்களை உள்ளே தள்ளினார். பொலிசுக்குத் தான் கோல் எடுப்பதாகச் சொல்லிவிட்டுக் கடைக்குள் ஓடினார்.

 திரீவீலருக்குள் என் வீட்டுக்காரர் முன்கம்பியைப் பிடித்தபடி ரோட்டையே பார்த்துக்கொண்டிருந்தார்.  என் மனது போகாத இடமில்லை. கடத்தல்காரன் என்று நினைத்தேன். பைத்தியம் என்று நினைத்தேன். ஆற்றில் கொண்டுபோய் இறக்குவான் என்று நினைத்தேன். நான் பொய் சொன்னதை அவன் எப்படிக் கண்டுபிடித்தான் என்று திரும்பத் திரும்ப யோசித்தேன். கடையில் நிற்கிற இவரைப் பார்த்திருப்பான். உள்ளே ஒரு பெரியவரும் இல்லை என்று தெரிந்துகொண்டுதான் ஏறியிருக்கிறான்.

ஒரு சந்தியில் கொழுந்துச் சாக்கைத் தலையில் போட்டுக்கொண்டு ஒரு பெண் நனைந்தபடி நின்றாள். திரீவீலர்க்காரர் வேனைப் பற்றிக் கேட்டதும், மேலே ஏறுகிற தோட்டத்து ரோட்டைக் கைகாட்டினாள். "நம்ம லாரி டிரைவர் மாதிரி இருந்துச்சு. மேட்டுக்குப் போச்சு" என்றாள். அந்தப் பேச்சு அப்போது எனக்கு ஒன்றும் விளங்கவில்லை.

குண்டும் குழியுமான ரோடு. திரீவீலர் முக்கி முக்கி ஏறியது. உச்சியில் திடீரென்று சமதரையாக ஒரு மைதானம். தோட்டத்துப் பிள்ளைகள் பந்தடிக்கிற கிரவுண்டு. அதன் ஓரம் முழுக்க நீலநிற டென்டுகள். மே மாதத்தில் வீடு இழந்த சனங்கள் இன்னும் அங்கேதான் இருந்தார்கள். கிரவுண்டின் நட்டநடுவில், மேலே வானத்தைத் தவிர ஒன்றும் இல்லாத இடத்தில், எங்கள் வேன் நின்றது.

சனங்கள் சுற்றி நின்றார்கள். ஒரு பெண் தோளில் என் மகன். அவன் தலைக்கு மேல் யாரோ குடை பிடித்திருந்தார்கள். அவன் தூங்கிக்கொண்டிருந்தான். இத்தனைக்கும் நடுவில் அவன் விழிக்கவே இல்லை. மகள் வேன் படியில் உட்கார்ந்து கையில் ஒரு மாரி பிஸ்கட் வைத்திருந்தாள். நான் இரண்டு பேரையும் பிடித்து இழுத்து, தலை, கை, கால் என்று தடவிப் பார்த்தேன். ஒரு கீறல் இல்லை. அதற்குப் பிறகுதான் எனக்கு அழுகை வந்தது. அழுகையோடு ஆத்திரமும் வந்தது.

அந்த ஆள் இன்னும் டிரைவர் சீட்டில்தான் இருந்தார். எஞ்சினை நிறுத்திவிட்டு, இரண்டு கையாலும் ஸ்டியரிங்கைப் பிடித்துக்கொண்டிருந்தார். திரீவீலர்க்காரர் கதவைத் திறந்து, சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப்போட்டு இரண்டு அறை விட்டார். அவர் கையை உயர்த்திக்கூடத் தடுக்கவில்லை. என் வீட்டுக்காரரும் பாய்ந்தார். என் மகனைத் தூக்கி வைத்திருந்த அந்தப் பெண் குறுக்கே வந்து நின்றாள்.

"அண்ணே, அடிக்காதீங்க. நான் சொல்றதக் கேட்டுட்டு அப்பறம் அடிங்க."

அவள் அந்த ஆளின் மனைவிக்கு அக்கா. அங்கே மழையில் நின்றபடியே அவள் சொன்னது இதுதான். அவர் தோட்டத்தில் கொழுந்து லாரி ஓட்டினவர். மே மாதம் அந்த மழை விடாமல் பெய்துகொண்டிருந்தபோது, கீழ் ரோட்டில் தண்ணீர் ஏறுகிறது, லாரியை மேட்டில் கொண்டுபோய் நிறுத்து என்று சொல்லியனுப்பியிருக்கிறார்கள். அவருடைய லயம் மலைக்குக் கீழே, ரோட்டோரத்தில். பிள்ளைகள் தூங்கிக்கொண்டிருந்தார்கள். மனைவி அடுப்படியில் இருந்தாள். போய்விட்டு வருகிறேன் என்று சொல்லிவிட்டு லாரியை எடுத்திருக்கிறார். கொண்டுவந்து நிறுத்தினது இந்தக் கிரவுண்டில். நிறுத்திவிட்டு நடந்து இறங்கியிருக்கிறார்.

"இவரு கீழ வர்றதுக்குள்ள லயம் இல்ல" என்றாள் அவள். "லாரிக்கு ஒண்ணும் ஆகல."

  என் வீட்டுக்காரர் மெதுவாக, "அந்த லயம் எங்க இருந்துச்சு?" என்று கேட்டார். எனக்குப் பதில் வருவதற்கு முன்பே தெரிந்துவிட்டது. அந்த அகலமான இடம். நாங்கள் வேனை நிறுத்தி, சோறாக்கி, பிள்ளைகளைத் தூங்கவைத்த இடம். ரோட்டுக்கு வந்த மண்ணை டோசர் போட்டுத் தள்ளி மட்டப்படுத்தியிருந்தார்கள். அதைத்தான் நாங்கள் நல்ல வசதியான இடம் என்று நினைத்திருந்தோம்.

 வேன் சக்கரத்தைப் பிடித்துக்கொண்டு ஓரமாக உட்கார்ந்துவிட்டேன். சாப்பிட்டதெல்லாம் வெளியே வந்தது. ஒரு பெண் தண்ணீர் கொண்டுவந்து என் முகத்தைத் துடைத்துவிட்டாள்.

மண் எடுத்த பிறகும் அவர் தினமும் அந்தக் கடை பெஞ்சில் போய் உட்கார்ந்திருப்பாராம். அங்கே யாராவது வாகனத்தை நிறுத்தினால் போய், எடுக்கச் சொல்லுவாராம். சிலர் எடுப்பார்கள், சிலர் ஏசுவார்கள். "ஆனா வண்டிய எடுத்துக்கிட்டு வந்தது இதுதான் மொத தடவ" என்று அந்தப் பெண் சொன்னாள். சொல்லும்போது அவளுக்கே பயமாக இருந்தது தெரிந்தது.

அப்போதுதான் அந்த ஆள் வாயைத் திறந்தார். என்னைப் பார்த்துச் சொல்லவில்லை. தரையைப் பார்த்து, "மழ வந்துருச்சும்மா. சாவி இருந்துச்சு" என்றார். அவ்வளவுதான்.

பொலிஸ் ஜீப் கிரவுண்டுக்குள் வந்து நின்றது. ஒரு அதிகாரியும் இன்னும் இருவரும் இறங்கினார்கள். திரீவீலர்க்காரர் ஓடிப்போய்ச் சொல்லத் தொடங்கினார். டென்டுகளிலிருந்து வந்த சனங்கள் ஒரு அடி பின்னால் நகர்ந்ததை நான் பார்த்தேன். சண்டை ஓய்ந்திருந்தாலும் பயம் ஓய்ந்திருக்கவில்லை. பிள்ளைகளோடு வேனைக் கொண்டுபோன தமிழன் என்று எழுதிவிட்டால் அவர் கதி என்னவாகும் என்று அங்கே நின்ற எல்லோருக்கும் தெரியும். எங்களுக்கும் தெரியும்.

அப்படி இருந்தும் எனக்கு மனது இளகவில்லை. கதை கேட்டேன், எல்லாம் சரி. ஆனால் என் பிள்ளைகளை என் கண்ணெதிரே எடுத்துப்போனவர் அவர்.  இந்த ஆளைச் சும்மா விடக்கூடாது என்று ஒரு மனது சொல்லிக்கொண்டுதான் இருந்தது.

மகள் என் கையைச் சுரண்டினாள். அவள் பாதி வழியில் விழித்துக்கொண்டாளாம். "அந்த மாமா மெதுவாத்தாம்மா ஓட்டுனாரு. தம்பி உருண்டு விழுந்துருவான்னு ஒரு கைய பின்னால வச்சு அவன புடிச்சுக்கிட்டே ஓட்டுனாரு" என்றாள். "பயப்படாத பாப்பா, அம்மா பின்னால ஓடி வர்றாங்க, நம்ம மேட்டுக்குப் போயி நிப்போம்னு சொன்னாரு."

அந்த ரோட்டை நான் பார்த்திருந்தேன். இரண்டு கையால் ஓட்டுவதே பாடு.

அதிகாரி எங்களிடம் வந்தார். "என்ன நடந்தது, நோனா?" என்று சிங்களத்தில் என்னைத்தான் கேட்டார். என் வீட்டுக்காரர் பதில் சொல்ல வாயெடுத்தார். நான் முந்திக்கொண்டேன்.

"ஒன்றும் நடக்கவில்லை, மாத்தயா" என்றேன். "மழை வருகிறது, அந்த இடம் நல்லதில்லை என்று இவர் சொன்னார். வேனை மேலே கொண்டுபோய் நிறுத்தச் சொல்லி நான்தான் சொன்னேன். என் வீட்டுக்காரருக்கு அது தெரியாது. பயந்து கத்திவிட்டார்."

சிங்களம் எனக்குச் சின்ன வயதிலிருந்து தெரியும். பஜாரில் வளர்ந்தவள். ஆனால் அன்றைக்குப் போல அவ்வளவு நிதானமாக நான் பேசியதே இல்லை. என் வீட்டுக்காரர் என்னைப் பார்த்த பார்வை எனக்கு மறக்காது. திரீவீலர்க்காரரும் வாயைப் பிளந்துகொண்டு நின்றார்.

அதிகாரி நனைந்து நிற்கிற என்னைப் பார்த்தார். ஒரு காலில் செருப்பு இல்லாததைப் பார்த்தார். கன்னம் வீங்கி உட்கார்ந்திருந்த அந்த ஆளைப் பார்த்தார். நான் சொன்னதில் ஒரு வார்த்தையைக்கூட அவர் நம்பவில்லை என்று அவர் முகத்திலேயே தெரிந்தது.  கடைசியில், "இனிமேல் சாவியை வண்டியில் விட்டுவிட்டு இறங்காதீர்கள்" என்றார். ஜீப்பில் ஏறப் போனவர் திரும்பி, "அந்த மலைக்குக் கீழேயும் நிறுத்தாதீர்கள்" என்று சொல்லிவிட்டுப் போனார்.

மழை விடும்வரை அந்தப் பெண்ணின் டென்டில் இருந்தோம். பால் ஊற்றாத சாயத் தண்ணீர் போட்டுக் கொடுத்தார்கள். சீனியைத் தேடி இரண்டு டென்டு போய்வந்தார்கள். திரீவீலர்க்காரர்கூட ஒரு கோப்பை வாங்கிக் குடித்துவிட்டு, போகும்போது அந்த ஆள் தோளை ஒருமுறை தொட்டுவிட்டுப் போனார். அந்த ஆள் எங்களிடம் வரவில்லை. நானும் அவரிடம் போகவில்லை. நன்றி என்று சொல்வதா, ஏசுவதா என்று எனக்குத் தெரியவில்லை. என் மகன் தூக்கம் கலைந்து எழும்பி, அங்கிருந்த பிள்ளைகளோடு சேற்றில் விளையாடினான். அதை அவர் தூரத்தில் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நான் மகனைக் கூப்பிடவில்லை. என்னால் முடிந்தது அதுதான்.

சாயந்தரம் வெளிச்சம் இருக்கும்போதே இறங்கினோம். அந்த வழியாகத்தான் போக வேண்டும். அந்த இடம் வந்ததும் நாங்கள் இரண்டு பேரும் வேனுக்குள்ளிருந்து எட்டிப் பார்த்தோம். மலை அப்படியே இருந்தது. ஒரு பிடி மண் விழவில்லை. கழுவின சட்டிகள் பீலிக்குப் பக்கத்தில் கவிழ்ந்து கிடந்தன. இறங்கி எடுக்க இரண்டு பேருக்கும் மனம் வரவில்லை. என் வீட்டுக்காரர் வேகத்தைக் குறைக்காமல் ஓட்டினார். கொடகவெல தாண்டும்வரை கேசட் போடவில்லை.

கதிர்காமம் போனோம், கும்பிட்டோம், வந்துவிட்டோம். பண்டாரவளைப் பேச்சை யாரும் திரும்ப எடுக்கவில்லை.

இந்தச் சம்பவத்தைச் சொன்னால் சிலர், "அந்த ஆளுக்குப் புத்தி பிசகியிருக்கும், நீ தப்பித்தது பெரிய காரியம்" என்பார்கள். சிலர், "அவர்தான் உன் பிள்ளைகளைக் காப்பாற்றினார்" என்பார்கள். அன்றைக்கு மலை சரிந்திருந்தால் பதில் சுலபமாக இருந்திருக்கும். சரியவில்லை. அவர் செய்தது சரி என்று நான் சொல்லமாட்டேன். நாளைக்கு இன்னொருவர் அப்படிச் செய்தால் திரும்பவும் கத்திக்கொண்டுதான் ஓடுவேன். பொலிசிடம் ஏன் அப்படிச் சொன்னாய் என்று என் வீட்டுக்காரர் பல நாள் கேட்டார்.  எனக்கு ஒன்று மட்டும் தெரிந்தது. அன்று மழை தொடங்கியபோது பெற்றவள் நான் சட்டி கழுவிக்கொண்டிருந்தேன். என் பிள்ளைகளுக்காகப் பயந்தது, அவர்களுடைய பேர்கூடத் தெரியாத அந்த மனிதர் ஒருவர்தான்.